ஐந்து பேருக்கு எதற்கு ஐந்து ஊர்?

புதிதாக மென்பொருள் நிறுவனம் தொடங்குகிறவர்களுக்கு இன்று எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. ஆபீஸ் எதற்கு? அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடித்துப் பணத்தைக் கரைப்பானேன்? ஆளுக்கொரு லேப்டாப், நல்ல இணைய இணைப்பு, அவரவர் வீடு, போதும். கோட் எழுதுகிறவர் நாகர்கோவிலில் இருக்கட்டும், டிசைனர் கொச்சியில் இருக்கட்டும், டெஸ்டிங் பார்ப்பவர் மதுரையில் இருக்கட்டும், விற்பனை ஆள் ஈரோட்டில் அலையட்டும், நிறுவனர் வேளச்சேரியில் உட்கார்ந்து முதலீட்டாளர்களிடம் பேசட்டும். காலை பத்து மணிக்குக் கூகுள் மீட்டில் கால் மணி நேரக் கூட்டம், மீதி நாள் முழுக்க ஸ்லாக். கோவிட் ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வந்த ஏற்பாடு இது. ஊரடங்கு போன பிறகும் ஏற்பாடு கொள்கையாகி நின்றுவிட்டது. "எல்லோரும் ஒரே இடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லும் நிறுவனருக்கு இன்று கிடைக்கும் பட்டம், ஊழியரை நம்பாத பழைய காலத்து முதலாளி.

இந்தக் கொள்கை சிறிய ஸ்டார்ட்அப்களுக்குக் கேடு என்பது என் கட்சி. பெரிய நிறுவனங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஒரு வங்கியின் பழைய மென்பொருளைப் பராமரிக்கும் இருநூறு பேருக்கு என்ன வேலை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் எங்கிருந்து செய்தாலும் நடக்கும். நான் சொல்வது பத்துப் பேருக்கு உட்பட்ட குழு. தான் விற்கப் போவது என்ன, அதைக் காசு கொடுத்து வாங்கப் போவது யார் என்பதே இன்னும் முடிவாகாத குழு. அந்தக் குழுவின் வேலை கோட் எழுதுவது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. வாடிக்கையாளரைப் பற்றி ஒருவருக்குத் தெரிய வந்ததை மற்ற நால்வரின் தலைக்குள் ஏற்றுவதே அதன் முதல் வேலை. தூரம் கெடுப்பது அந்த வேலையைத்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மேற்படி ஐந்து பேரும் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கு ஒரு பில்லிங் ஆப் செய்கிறார்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க ஓடும். செவ்வாய்க்கிழமை விற்பனை ஆளின் போன் ஓயாது. ஒரு வியாபாரி அழைத்து, "சரக்கு ரிட்டர்ன் வந்தா உங்க ஆப்புல ஒண்ணும் பண்ண முடியலீங்க" என்கிறார். விற்பனை ஆள் அதை டிக்கெட்டாகப் போடுகிறார்: ரிட்டர்ன் பட்டன் வேலை செய்யவில்லை. நாகர்கோவில்காரர் மாலையில் பட்டனை அழுத்திப் பார்க்கிறார். கிரெடிட் நோட் ஒழுங்காக வருகிறது. 'இங்கே சரியாக இருக்கிறது' என்று எழுதி டிக்கெட்டை மூடுகிறார். அடுத்த செவ்வாய் அதே புகார் வேறொரு கடையிலிருந்து வருகிறது, அதுவும் அதே போல் மூடப்படுகிறது. மூன்றாவது வாரம் இரண்டு கடைகளிலும் ஆப்பைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

அதே அழைப்பு ஐந்து பேரும் இருக்கும் அறையில் ஸ்பீக்கரில் வந்திருந்தால், கோட் எழுதுகிறவர் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "அண்ணே, இப்ப ரிட்டர்ன் வந்தா நீங்க எப்படிக் கணக்கு முடிக்கிறீங்க?" பதில் உடனே வந்திருக்கும்: "நோட்டெல்லாம் யாருங்க போடறது? பேடுல குறிச்சு வெச்சு அடுத்த பில்லுல கழிச்சுக்குவோம்ங்க." பட்டனில் கோளாறே இல்லை. சந்தை கணக்கு முடிக்கும் விதம் ஒன்று, ஆப் எதிர்பார்க்கும் விதம் வேறு. வியாபாரியை அவர் போக்கில் குறித்துக்கொள்ள விட்டு, ஜிஎஸ்டிக்கு வேண்டிய கிரெடிட் நோட்டை ஆப் தானே பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த நிறுவனம் எடுத்த மிக முக்கியமான முடிவாகக்கூட ஆகியிருக்கும். அதை எந்த டிக்கெட்டும் சுமந்து வராது. விற்பனை ஆள் மீது குற்றமில்லை. எதை எழுத வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. எது முக்கியம் என்று தெரிந்த பிறகுதான் அதை எழுத முடியும். சிறிய ஸ்டார்ட்அப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அது தெரியாமலே கழிகிறது.

"எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வையுங்கள், தூரம் ஒரு பொருட்டே இல்லை" என்பதுதான் ரிமோட் ஆதரவாளர்களின் முதல் பதில். இதற்கு 1985-லேயே மறுமொழி சொல்லப்பட்டுவிட்டது. டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நௌர் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில் ஒரு கம்பைலர் குழுவின் கதை வருகிறது. முதல் குழு எழுதிய கம்பைலரை இரண்டாவது குழு வாங்கி விரிவுபடுத்துகிறது. முழு மூலநிரலும் விரிவான ஆவணங்களும் கையில் இருந்தன. சந்தேகம் கேட்டால் சொல்லவும் ஆள் இருந்தது. அப்படியிருந்தும் இரண்டாவது குழு முன்வைத்த மாற்றங்கள் பல, கம்பைலரின் கட்டமைப்பையே குலைக்கும் ஒட்டுகளாக இருந்தன. முதல் குழு பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே உள்ள கட்டமைப்புக்குள்ளேயே எளிய வழியைக் காட்டியது. ஒரு மென்பொருளைப் பற்றிய உண்மையான அறிவு அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கிறது, ஆவணம் அதற்கு ஈடாகாது என்பது நௌரின் முடிவு. முடிந்துபோன ஒரு கம்பைலருக்கே இந்தக் கதி என்றால், வாரம் ஒரு தடவை உருமாறும் பொருளுக்கு யார் ஆவணம் எழுதுவது? எழுதினாலும் எத்தனை நாள் செல்லும்?

தூரத்தின் விலையைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மோக்கஸ் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே இடத்தில் முடியும் வேலையோடு ஒப்பிட்டால் பல இடங்களில் பரவிய அதே மாதிரி வேலைக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு காலம் பிடித்தது என்று காட்டியது. அது ஸ்லாக்குக்கும் இன்றைய வீடியோ அழைப்புகளுக்கும் முந்தைய காலம்தான். அந்த எண்ணை இன்று அப்படியே தூக்கி வைக்க நான் கேட்கவில்லை. ஆனால் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தைப் பாருங்கள்: பரவிக் கிடக்கும் வேலையில் கூடுதல் ஆட்கள் சம்பந்தப்படுகிறார்கள். கருவி மாறியிருக்கிறதே தவிர, யாரைக் கேட்பது, அவர் எப்போது பதில் போடுவார், கேள்வி அவருக்குச் சரியாகப் புரிந்ததா என்ற மூன்று காத்திருப்புகளும் அப்படியே இருக்கின்றன. ஸ்லாக்கில் பச்சைப் புள்ளி எரிவதாலேயே பதில் வந்துவிடாது.

அடுத்தது வாடகை. ஆபீஸ் இல்லாததால் மிச்சமாகும் பணத்தை நிறுவனர்கள் எக்செலில் போட்டுக் காட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் போடுவோம். ஐந்து பேருக்குச் சராசரியாக மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதச் செலவு 3 லட்சம், வாரத்துக்குச் சுமார் 75,000. கோயம்புத்தூரிலோ சென்னையின் புறநகரிலோ ஐந்து மேசை போடும் ஓர் அறைக்கு மாதம் 30,000 ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ரிட்டர்ன் பட்டன் போல ஒரே ஒரு தவறான புரிதலால் குழுவின் ஒரு வாரம் வீணானால், இரண்டு மாத வாடகையும் அதற்கு மேலும் போய்விட்டது. வாடகை கண்ணில் படும் செலவு. மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் கேட்பார். தவறான பொருளைச் செய்துகொண்டிருந்த வாரங்களுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. ஸ்டார்ட்அப்பின் கையிருப்பு உண்மையில் பணம்கூட இல்லை, பணம் தீர்வதற்குள் மிச்சமிருக்கும் வாரங்கள். அந்த வாரங்களை எரித்து வாடகையைச் சேமிப்பது சிக்கனம் ஆகாது.

ஆராய்ச்சிகள் ரிமோட் பக்கம் நிற்கின்றன என்பது மூன்றாவது வாதம். இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் சீனாவின் சிடிரிப் நிறுவனத்தில் செய்த சோதனை. 2015-ல் வெளியான அந்த ஆய்வில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. உண்மைதான். ஆனால் அவர்கள் கால்சென்டர் ஊழியர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே போன் எடுத்துப் பேசுகிறவர்கள். பக்கத்து இருக்கைக்காரர் என்ன கற்றார் என்பது இவருடைய அடுத்த அழைப்பைப் பெரிதாக மாற்றாது. மேலும், சோதனையில் சேர நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாத அனுபவமும் வீட்டில் தனி அறையும் வேண்டும் என்பது நிபந்தனை. வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் வந்தாகவும் வேண்டும். நேற்றுச் சேர்ந்த பொறியாளரை, தம்பியின் ஆன்லைன் வகுப்பும் டிவி சத்தமும் கலந்த ஹாலில் உட்காரவைத்துவிட்டு இந்த 13 சதவீதத்தைக் காட்டுவது நியாயமா?

நம் சூழலுக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று இருக்கிறது. அதை ரிமோட் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆசியாவின் பெரிய ஐ.டி. சேவை நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பணிப்பதிவுகளை மைக்கேல் கிப்ஸ், ஃப்ரிடெரிக்க மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ரோத் மூவரும் ஆராய்ந்தார்கள். வேலை வீட்டுக்கு மாறிய பிறகு வேலை நேரம் கூடியது. ஆனால் உற்பத்தித் திறன் 8 முதல் 19 சதவீதம் வரை இறங்கியது. மீட்டிங்குகளில் போன நேரம் அதிகரித்தது, இடையூறில்லாமல் வேலை செய்த நேரம் குறைந்தது. மேலதிகாரியோடு தனியே பேசிக் கற்றுக்கொள்ளும் நேரமும் குறைந்தது. வீட்டில் இருந்தால் தொந்தரவில்லாமல் ஆழ்ந்து வேலை பார்க்கலாம் என்ற நான்காவது வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. திரும்பிக் கேட்டால் தீர்ந்துவிடும் கேள்வி, நாள்காட்டியில் அரை மணி நேரக் கட்டமாகிவிட்டது. ஐந்து பேரில் பத்து ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் பேசிக்கொள்ள லிங்க் அனுப்ப வேண்டியிருந்தால், ஆழ்ந்த வேலைக்கு மிஞ்சுவது இரவுதான். இரவு பதினொன்றரைக்கு ஸ்லாக்கில் வரும் 'ஒரு சின்ன டவுட்' எந்தச் சுதந்திரத்தின் அடையாளம்?

வீடியோ அழைப்பில் எல்லாமே கெடுகிறது என்றும் நான் சொல்லவில்லை. மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் 2022-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். வீடியோ வழியாகச் சேர்ந்து யோசித்த ஜோடிகள், நேரில் அமர்ந்த ஜோடிகளைவிடக் குறைவான புதிய யோசனைகளையே கொண்டுவந்தன. கைவசம் உள்ள யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கும் சிறிய ஸ்டார்ட்அப்புக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே அடங்கியிருக்கிறது. பெரிய நிறுவனம் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது, ஒப்புதல் கொடுக்கிறது, நிறைவேற்றுகிறது. ஐந்து பேர் குழு அன்றாடம் கண்டுபிடித்தாக வேண்டும். எந்த வேலையைத் தூரம் பாதிக்கவில்லையோ அது அவர்களுடையது. எதைப் பாதிக்கிறதோ அதுவே நம்முடையது.

அப்படியானால் ரிமோட்டாகவே பிறந்து ஜெயித்த நிறுவனங்கள்? கிட்லேப், ஆட்டோமேட்டிக், பேஸ்கேம்ப் என்ற மூன்று பெயர்களும் இந்த விவாதத்தில் தவறாமல் வரும். வரட்டும், மூன்றையும் பிரித்துப் பார்ப்போம். ஆட்டோமேட்டிக் 2005-ல் தொடங்கியபோது, அதன் அடித்தளமான வேர்ட்பிரஸ் இரண்டு ஆண்டுகளாகத் திறமூல மென்பொருளாக உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. கோட் எழுதுகிறவர்களுக்கான கருவியான கிட்லேப் 2011-ல் உக்ரைனில் திறமூலத் திட்டமாகப் பிறந்தது. நிறுவனம் பின்னால் வந்தது. அந்த நிறுவனமும் 2015-ல் ஒய் காம்பினேட்டர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தது. அன்று அது நேரில் போய்க் கலந்துகொள்ள வேண்டிய திட்டம், நடந்த இடம் கலிஃபோர்னியா. 2004-ல் வந்த பேஸ்கேம்ப்பை சிகாகோவிலும் கோபன்ஹேகனிலும் இருந்தவர்கள் சேர்ந்து செய்தது நிஜம். ஆனால் அதை முதலில் செய்துகொண்டது தங்கள் வடிவமைப்புத் தொழிலின் வேலைகளைத் தாங்களே நிர்வகிக்க.

மூன்றுக்கும் பொதுவானது எது? செய்தவர்களே பயன்படுத்தியவர்கள். கிட்லேப்பை எழுதியவருக்கு கோட் எழுதுகிறவரின் கஷ்டம் என்னவென்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. தன் காலுக்குச் செருப்பு தைப்பவன் அளவு கேட்டு அலைய மாட்டான். வாடிக்கையாளரைப் பற்றிய அறிவு முதல் நாளே ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருந்ததால், அதைக் கடத்த ஓர் அறை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நம் ஊர் ஸ்டார்ட்அப் செய்யப் போவது ஜவுளிக் கடைக்கு, மருத்துவமனைக்கு, பால் சொசைட்டிக்கு, லாரி புக்கிங் ஆபீசுக்கு. நாகர்கோவிலில் உட்கார்ந்து கோட் எழுதும் இளைஞர் ஒருநாளும் ஜவுளி மூட்டை கட்டியதில்லை. இவருக்கு கிட்லேப்பை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

ரிமோட் என்றால் எந்த ஊரில் இருக்கும் திறமைசாலியையும் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் சிறிய நிறுவனத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பத்தாண்டு அனுபவசாலிகளுக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் சம்பளத்தை நம்மால் தர முடியாது. வருவது கல்லூரி முடித்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆனவர்கள். நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலே மூவரும் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தபோது, சக ஊழியர்களின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தாங்கள் எழுதிய கோட் பற்றிக் கூடுதல் கருத்துகள் கிடைத்தன. அதிகம் பயனடைந்தவர்கள் இளையவர்கள், குறிப்பாக இளம் பெண்கள். கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த வேலை பக்கத்தில் உட்கார்ந்த காலத்தில் குறைந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அருகிருப்பதற்கு விலை உண்டு. அதை மூத்தவர் கொடுக்கிறார், பலனை இளையவர் பெறுகிறார். ரிமோட்டை உரக்கப் புகழ்பவர்கள் பெரும்பாலும் மூத்தவர்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

மீதமிருப்பது எல்லாவற்றிலும் வலுவான வாதம்: குழந்தை பெற்ற பெண்கள், வயதான பெற்றோரை விட்டு நகர முடியாதவர்கள், சென்னை வாடகையைத் தாங்க முடியாத சிற்றூர் இளைஞர்கள் ஆகியோருக்கு ரிமோட்தான் கதவைத் திறந்தது என்பது. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. சொந்த ஊரில் வேலை செய்வது ஒன்று. சொந்த வீட்டுக்குள் வேலை செய்வது வேறு. முதலாவது நியாயமான ஆசை. இரண்டாவது நம் வீடுகளில் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறது? "வீட்டுலதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியத்தில் கேஸ் சிலிண்டரும் கொரியரும் மாமனாருக்குக் காபியும் அவள் தலையில் விழுகின்றன. வேலை நேரம் முடிந்து எழுந்துபோக ஒரு வாசல்கூட இல்லை.

இவ்விரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஜோஹோ பெரிய நிறுவனம்தான், ஐந்து பேர் குழுவுக்கு அது இணையில்லை. என்றாலும் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க நினைத்தபோது, அது தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் கட்டியது. ஊருக்கே அலுவலகத்தைக் கொண்டுபோனது. சிறிய குழுவுக்கு இது இன்னும் எளிது. நிறுவனம் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஜவுளிக்கு ஆப் செய்கிறவர்கள் ஈரோட்டில் ஓர் அறை எடுக்கட்டும். வாடகையும் குறைவு, வாடிக்கையாளர் கடைக்கு நடந்தே போய்விடலாம். ஐந்து பேரையும் ஐந்து ஊரில் தேடுவதற்குப் பதில் ஒரே வட்டாரத்தில் தேடட்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மூன்றரைக்குக் கிளம்பும் பெண்ணை மூன்றரைக்கே அனுப்பட்டும். மழைக்கும் காய்ச்சலுக்கும் வீட்டிலிருந்து பார்க்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்ற ஏற்பாட்டில் வேலைத்தரம் கெடவில்லை, விலகுவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2024-ல் சொன்னவரும் அதே புளூம்தான். நான் கேட்பது காவல் நிலையக் கையெழுத்து இல்லை. குழு முழுவதும் ஒரே அறையில் இருக்கும் நாட்கள் வாரத்தின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோட் எழுதும் வேலையை வேகப்படுத்திவிட்டன. இனி தூரம் இன்னும் பொருட்டில்லை என்று ஒரு புதுக் குரல் கிளம்பியிருக்கிறது. நேர்மாறாகப் பாருங்கள். பட்டனை எழுத இரண்டு நாள் ஆன காலத்தில், எழுதுவதற்குள் யாராவது சந்தேகம் கேட்க நேரம் இருந்தது. இன்று தவறான பட்டன் அரை மணி நேரத்தில் தயார். எதைச் செய்வது என்ற அறிவு மட்டுமே அரிதாகி நிற்கும் காலத்தில், அந்த அறிவு பரவும் வழியை அடைப்பது இருமடங்கு அபத்தம்.

இவ்வளவுக்குப் பிறகும் தன் குழுவுக்கு இது பொருந்தாது என்று நினைக்கும் நிறுவனர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஐந்து பேரிடமும் தனித்தனியே, ஒருவரோடொருவர் பேசாமல், மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பொருளுக்குக் காசு கொடுப்பவர் யார்? அவர் இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார்? போன மாதம் நம்மை விட்டுப் போனவர் ஏன் போனார்? ஐந்து தாளிலும் பதில் ஒன்றாக இருந்தால் நீங்கள் ஐந்து ஊரில் அல்ல, ஐந்து நாட்டில் இருந்தும் வேலை செய்யலாம். அந்தத் தகுதியை உங்கள் குழு சம்பாதித்துவிட்டது. பதில்கள் ஐந்து விதமாக இருந்தால், அடுத்த மாதச் சம்பளம் போடுவதற்கு முன் ஓர் அறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.